மருந்துக் கணக்கில் வராத மஞ்சள்

மைனாவதியின் உள்ளங்கைகளிலிருந்து மஞ்சள் ஊற ஆரம்பித்தது ஒரு பங்குனி மாத வெள்ளிக்கிழமை சாயங்காலம். அன்றைக்கு மண்டிக்காரர் தங்கமுத்துவின் எருமை கிணற்றில் விழுந்து ஊரே கயிறும் கையுமாக அங்கே ஓடியிருந்ததால், முதலில் அதை யாரும் கவனிக்கவில்லை.

ஊஞ்சப்பாளையம் வாய்க்கால் ஓரத்து ஊர். அங்கே மஞ்சள் விளையும், மஞ்சள் வேகும், மஞ்சள் களத்தில் காயும், பாலிஷ் டிரம்மில் உருண்டு தோல் போகும், அந்தத் தூசி பறந்து வந்து கூரையிலும் கோழியிலும் படியும், மார்கழியில் வெள்ளையாக இருந்த நாய் சித்திரைக்குள் வேறு நாயாகிவிடும். அப்பேர்ப்பட்ட ஊரில் தங்கமுத்து மண்டியில் உட்கார்ந்து நீள விரலி வேறு, உருண்டைக் கிழங்கு வேறு என்று பகலெல்லாம் பிரித்துப் போடுவதுதான் மைனாவதியின் வேலை. பொழுது சாய்ந்ததும் குழாயடிக்குப் போய், எலுமிச்சைத் தோலும் சாம்பலும் வைத்து, கை சிவக்கச் சிவக்கத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள். ஏனென்றால் அவள் புருஷனைப் பறிகொடுத்தவள். மூட்டை மூட்டையாக ஊருக்கெல்லாம் மஞ்சளைத் தொட்டுக் கொடுக்கலாம், அதில் யாருக்கும் ஆட்சேபணை கிடையாது. தன் கன்னத்தில் ஒரு துளி இருந்தால் மட்டும் ஊர் பேசும்.

அன்றைக்கும் தேய்த்தாள். போகவில்லை. மறுபடி தேய்த்தாள், முன்னைவிட அதிகமாக வந்தது. தோலுக்கு அடியில் எங்கோ ஊற்றுக்கண் திறந்துவிட்ட மாதிரி, பச்சை மஞ்சள் மண்வாசனையோடு கசிந்து, கைரேகைகளில் ஓடி, விரல் நுனியில் சொட்டி, குழாயடியை நிறைத்து, சாக்கடையில் இறங்கி, அங்கே புழு பொறுக்கிக்கொண்டிருந்த கோழிகளின் காலை நனைத்தது. மைனாவதி கொஞ்ச நேரம் பார்த்தாள். "நேரமாச்சு, அத்தைக்குச் சோறாக்கோணும்" என்று சொல்லிவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் மாமியார் பாவாயி, மருமகளின் வெள்ளைப் புடவையில் பதிந்திருந்த இரண்டு கைகளைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஏன் அம்மணி, கையக் கழுவாமயா வந்தே?"

"கழுவிட்டேன் அத்தை. வந்துக்கிட்டே இருக்குது."

மருமகள் விரித்துக் காட்டிய கைகளை, ஒழுகுகிற குடத்தைப் பார்ப்பது போலப் பாவாயி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "செரி, பருப்புக்குத் தனியா மஞ்சப்பொடி போட்டுறாதே. இதுவே போதும்."

சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல மைனாவதி மாமியாரின் காலைப் பிடித்துவிட்டாள். பாவாயியின் குதிகால்கள் ஊரறிந்த குதிகால்கள். பித்தவெடிப்பு ஆழமாக ஓடி, நடந்தால் ரத்தம் கசியும். கல்யாண வீடுகளில் அவள் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்காருவதற்கு அவளும் இளம் வயதிலேயே தாலியறுத்தவள் என்பது ஒரு காரணம் என்றால், அதற்கு மேல் நடக்க முடியாது என்பது இன்னொரு காரணம். காலையில் எழுந்து தரையில் காலை ஊன்றியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வலி இல்லை. வெடிப்பெல்லாம் மூடி, குதிகால் வழுவழுவென்று இருந்தது, அதன்மேல் மைனாவதியின் விரல்கள் ஐந்தும் மஞ்சளாகப் பதிந்திருந்தன.

தண்ணீரை ஊற்றினால் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது, ஆனால் ஊற்றவில்லை. முழுசாக ஒரு காலைப்பொழுது வெயிலில் காலை நீட்டிக்கொண்டு, மஞ்சள் பூசிய தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், கல்யாணமான புதிதில் இப்படித்தான் இருந்தன என்று நினைத்தாள், அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. மருமகள் கேட்டதற்கு அடுப்புப் புகை என்றாள். அவர்கள் வீட்டில் இருந்தது கேஸ் அடுப்பு.

பாவாயி செருப்பில்லாமல் விடுவிடுவென்று பால் வாங்க நடந்து போனதைத் தெருவே பார்த்தது, அதற்கு மேல் தண்டோரா போட வேண்டியிருக்கவில்லை. வேனல்கட்டி வந்தவர்கள் வந்தார்கள், வேர்க்குரு வந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், சேற்றுப்புண்ணோடு வயல்காட்டுப் பெண்கள் வந்தார்கள், முகப்பருவோடு பாலிடெக்னிக் பையன்கள் பைக்கைத் தூரத்தில் நிறுத்திவிட்டு மாமாவுக்கு வாங்க வந்த மாதிரி வந்தார்கள், அம்மை போட்ட இடம் அரிக்கிறது என்றும் சவரம் செய்த இடம் எரிகிறது என்றும் வந்தார்கள். மைனாவதி கையை வைத்தாள், பதிந்தது. உள்ளே ஆறும்வரை எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தப் பதிவு போகாது, ஆறிவிட்டால் ஒரு சொம்புத் தண்ணீரில் கழன்று ஓடிவிடும். ஆகவே யாருக்கு இன்னும் குணமாகவில்லை என்பதை ஊரார் பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே தெரிந்துகொண்டார்கள். நாய்க்கடி, பாம்புக்கடி என்று வந்தவர்களை மட்டும் தொடாமல் பெரியாஸ்பத்திரிக்குத் துரத்திவிட்டாள். சிவப்பாக வேண்டும் என்று வந்தவர்களும் உண்டு. கறுப்பாக வந்தவர்கள் கறுப்பாகவேதான் திரும்பிப் போனார்கள், ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளித்து எழுந்த மினுமினுப்போடு போனார்கள், கண்ணாடி பார்த்ததும் எதற்கு வந்தோம் என்பதையே பாதிப் பேர் மறந்துபோனார்கள்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வேறொன்றுதான் அவர்களை உறுத்தியது. தாலியில்லாத கையால் வைத்த மஞ்சள், சுமங்கலி முகத்தில் இருக்கலாமா?

இதைத் தீர்த்து வைக்க அருமைக்காரர் பொங்கியண்ணனிடம் போனார்கள். கல்யாணங்களில் சீர் என்கிற சடங்குகளையெல்லாம் நடத்தி வைக்கிற பெரியவர் அவர். எது ஆகும், எது ஆகாது என்று அவர் சொன்னால் சொன்னதுதான். அவர் வெற்றிலையைப் போட்டு நெடுநேரம் மென்றார். அவருடைய இடுப்பில் வருஷக்கணக்காக இருந்த படர்தாமரை போன வாரம்தான் மைனாவதியின் கைபட்டு மறைந்திருந்தது, அது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். கூடாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, கூடும் என்று சொல்ல வழக்கம் விடவில்லை.

"நோவுக்கு வெச்சா அது மருந்துங்க" என்றார் கடைசியில். "மருந்துக்கு ஏது தீட்டு? நோவில்லாத ஒடம்புல வெச்சா அது மங்கலச் சீரு. அதுக்கு அந்தப் புள்ளை கை ஆகாது. அதனால கைய வைக்கறதுக்கு முந்தி, என்ன நோவுன்னு வாய்விட்டுக் கேட்டுப்புட்டு வைக்கட்டும்."

எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. அன்றிலிருந்து மைனாவதி ஒவ்வொருவரிடமும் "என்ன நோவுங்க?" என்று கேட்பதும், அவர்கள் "அக்குள்ல கட்டிங்க", "தொடை இடுக்குல அரிப்புங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வதும் வழக்கமாகிவிட்டது, ஊரில் யாருக்கும் எந்த ரகசியமும் மிஞ்சவில்லை. கல்யாணம் காட்சி என்றால் மட்டும் மைனாவதி ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் இருக்க வேண்டும் என்று ஒரு கிளை விதியும் சேர்ந்துகொண்டது. இன்னொன்றும் தானாகவே நடந்தது. அவளுடைய வெள்ளைப் புடவைகள் எதுவும் வெள்ளையாக நிற்கவில்லை. பாவாயி சவுக்காரம் போட்டாள், வெயிலில் போட்டாள், அலுத்துப்போய் ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குப் போய் அரக்கும் மாம்பழ நிறமுமாகப் புடவைகளை வாங்கி வந்து, "கறை தெரியாதுல்ல" என்று ஊருக்கே காரணம் சொன்னாள். கறைக்காகத்தானே என்று ஊரும் விட்டுவிட்டது.

இத்தனை சந்தோஷத்திலும் மைனாவதிக்கு ஒரு கஷ்டம் இருந்தது. அதன் பெயர் நாச்சிமுத்து.

நாச்சிமுத்து டெம்போக்காரன். களத்திலிருந்து மண்டிக்கு மஞ்சள் மூட்டை கொண்டுவருபவன். பெண் கிடைக்காமல் நாற்பதைத் தொட்டுவிட்ட அந்தப் பக்கத்து ஆண்பிள்ளைகளில் ஒருவன். அவனிடம் ஊரே பொறாமைப்படும் விஷயம் அவனுடைய தோல். வெயிலில் காய்ந்து, தூசியில் புரண்டு, சுணை அரித்துக் கிடந்தாலும் அவன் உடம்பில் ஒரு பரு, ஒரு மரு, ஒரு கொப்புளம் வந்ததாகச் சரித்திரமே இல்லை. மஞ்சள் ஊறுவதற்கு வெகுநாள் முன்பே, மூட்டை இறக்குகிற சாக்கில் பேசிப் பேசி, இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போயிருந்தது.

"நாம ரெண்டு பேரும் சேந்து இருந்துக்கலாங்களா?" என்று ஒருநாள் அவன் கேட்டான்.

"அத்தைய ஆரு பாக்கறது? ஊரு வாய ஆரு மூடறது?"

"அத்தைய நான் பாத்துக்கறேன். ஊரு வாய்க்கு நான் என்னங்க பண்றது?"

அவளுக்கு ஆசையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொன்னால், கொள்ளை ஆசையாக இருந்தது. ஆனால் புருஷன் போன பிறகு பிறந்த வீடு ஒருமாதம் வைத்துக்கொண்டு முகம் சுளித்தபோது, "என்ற வீட்டுப் புள்ளை" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தவள் பாவாயி. வெளியே தெரிந்து அந்த மனுஷி தலைகுனிந்தால் தனக்கு இருக்கிற ஒரே வீடும் போய்விடும், ஒரே தாயும் போய்விடுவாள் என்று மைனாவதி பயந்தாள். அதனால் ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை.

கையில் மஞ்சள் ஊற ஆரம்பித்த பிறகு இன்னும் மோசம். தெரியாத்தனமாக விரல் பட்டால்கூட ஊருக்கே தெரிந்துவிடும். டீ கிளாஸை அவள் மூட்டைமேல் வைத்துவிட்டு நகர்ந்ததும்தான் அவன் எடுத்துக் குடித்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நோயாளிகளோடு வரிசையில் வந்து நிற்பான். "என்ன நோவுங்க?" என்று கேட்பாள். அவனுக்குப் பொய் சொல்ல வராது. "இங்க கொஞ்சம் அரிக்கற மாதிரி..." என்று இழுப்பான். உற்றுப் பார்ப்பாள். "ஒண்ணுமில்லைங்க. அடுத்து ஆருங்க?" நல்ல உடம்பை வைத்துக்கொண்டு இப்படிப் பயந்து சாகிறானே என்று வரிசையில் இருந்தவர்கள் அவனுக்காகப் பரிதாபப்பட்டார்கள்.

வைகாசியில் தங்கமுத்துவின் மகள் கீர்த்தனாவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை சிவப்பு, போட்டோவில் நீ கறுத்துத் தெரிவாய் என்று சிநேகிதிகள் சொன்னதைக் கேட்டு, டவுனுக்குப் போய் ஏதோ கிரீமைப் பூசி, அதற்குமேல் இன்னொன்றைப் பூசி, முகமெல்லாம் வெந்து தோல் உரிந்து திரும்பி வந்தாள் கீர்த்தனா. அம்மாக்காரி ராசாமணி தலையில் அடித்துக்கொண்டு, மைனாவதியைக் கொல்லைக் கதவு வழியாக உள்ளே கூட்டிப் போனாள்.

"என்ன நோவு கண்ணு?"

"மூஞ்சி வெந்துபோச்சுக்கா" என்று விசும்பினாள் கீர்த்தனா.

மைனாவதி இரண்டு கைகளாலும் அந்த முகத்தை ஏந்திக்கொண்டாள். நலங்கு வைக்கும் நாளன்று காலையில் ஒரு சொம்புத் தண்ணீரில் மஞ்சள் கழன்று ஓடியது. அதற்குக் கீழே கீர்த்தனா பிறந்தபோது கொண்டுவந்த அதே மாநிறம், புதுசாக, மெதுமெதுவென்று, தானே ஒளி விடுகிற மாதிரி இருந்தது. கண்ணாடியைக் கீழே வைக்காமலே அவள் கேட்டாள்: "மைனாக்கா நலங்கு வைக்க வருவாங்களாம்மா?"

"மருந்து வேற, சீரு வேற கண்ணு" என்றாள் ராசாமணி. அவளுக்கும் அதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது.

பந்தலில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தபோது மைனாவதி கொல்லையில், கையுறையோடு, கத்தரிக்காய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். வைகாசி வெயில். கையுறைக்குள் ஊறிய மஞ்சள் போக வழியில்லாமல் மணிக்கட்டோரம் வழிந்து முழங்கைவரை ஓடியது. வாழைக்குலை இறக்க வந்த நாச்சிமுத்து அதைப் பார்த்தான். எப்போதும் நிதானமாகப் பேசுகிறவனுக்கு அன்றைக்குக் கோபம் வந்துவிட்டது.

"கை என்னத்துக்கு ஆகறதுங்க? கழட்டிப் போடுங்க மொதல்ல!"

கழற்றினாள். மஞ்சளுக்கு அடியில் விரல்களெல்லாம் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தன. ஊருக்கே தோலைத் தேற்றிவிட்ட கைகள் அவை. நாச்சிமுத்து அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவன் கண் கலங்கியது. சுற்றி யாருமில்லை. பழக்கதோஷத்தில் மைனாவதியின் வாய் தானாகக் கேட்டது: "என்ன நோவுங்க?"

"ஒண்ணுமில்லீங்க" என்றான் நாச்சிமுத்து.

அவள் வலது கையை எடுத்து அவன் கன்னத்தில் வைத்தாள். மறந்துபோய் வைத்துவிட்டாள் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். மறக்கவில்லை. வைத்தால் பதியும் என்றும், பதிந்தால் ஊர் பார்க்கும் என்றும், பார்த்தால் என்ன ஆகும் என்றும் எல்லாம் தெரிந்துதான், பயந்துகொண்டேதான், வைத்தாள். அழுத்தியே வைத்தாள்.

"நாச்சிமுத்து! அந்த வாழைக்குலைய உள்ள கொண்டா!" என்று யாரோ கத்தினார்கள். மறந்தது அவன்தான். நடந்ததை நம்ப முடியாத சந்தோஷத்தில், குலையைத் தோளில் தூக்கிக்கொண்டு, கன்னத்தில் ஐந்து விரலும் பளிச்சென்று தெரிய, நேராகப் பந்தலின் நடுவில் போய் நின்றான்.

மேளக்காரர் முதலில் நிறுத்தினார். அப்புறம் நாதஸ்வரக்காரர்.

"என்னப்பா நோவு?" என்று கேட்டார் அருமைக்காரர். கட்டியோ கொப்புளமோ, ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டால் தேவலை என்று அவர் குரல் கெஞ்சியது.

ராசாமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தாள். "கொசுக்கடிகூட இல்லீங்களே!" ஒருவர் சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார். போகவில்லை. இன்னொரு சொம்பு ஊற்றினார்கள். சட்டைதான் நனைந்தது, மஞ்சள் அப்படியே நின்றது.

"அப்பொ உள்ள ஏதோ இருக்குது" என்றார் ஊற்றியவர். "சொல்லப்பா, என்னதான் உனக்கு?"

நாச்சிமுத்துவுக்குப் பொய் சொல்ல வராது என்று முன்பே சொன்னோம்.

"நோவு எதுவும் இல்லீங்க" என்றான். "சும்மாதாங்க."

பந்தலில் இருந்த எல்லோரும் கொல்லைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். கதவருகே மைனாவதி நின்றிருந்தாள். கழற்றிய கையுறைகள் கையில் இருந்தன, விரல் நுனியிலிருந்து மஞ்சள் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. தூணுக்குப் பின்னால், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பாவாயியை மட்டும் பார்த்தாள்.

அப்போது மணையில் இருந்த கீர்த்தனா எழுந்துவிட்டாள். "நோவில்லாத ஒடம்புல வெச்சா அது மங்கலச் சீருன்னு நீங்கதானே சொன்னீங்க மாமா? இந்தாளுக்குத்தான் நோவே இல்லியே! அப்பொ மைனாக்கா வெச்சது என்ன?"

சொன்னதை மாற்றிச் சொல்லி அருமைக்காரருக்குப் பழக்கமில்லை, சொன்னபடி பார்த்தால் அந்தப் பெண் கேட்பது நியாயம். அவர் கை தன்னையறியாமல் இடுப்பைத் தடவிக்கொண்டது. அவர் பக்கத்தில் இருந்த மனைவி மட்டும் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

தூணுக்குப் பின்னாலிருந்து பாவாயி எழுந்தாள். வெடிப்பில்லாத கால்களால், யாரையும் பிடிக்காமல், வெள்ளைப் புடவை கட்டிய நாளிலிருந்து ஒரு கல்யாணத்திலும் தாண்டாத அந்தக் கடைசி வரிசையைத் தாண்டி, சுமங்கலிகள் உட்கார்ந்திருந்த ஜமுக்காளத்தை மிதித்துக்கொண்டு, பந்தலின் நடுவுக்கு நடந்து வந்தாள். பாவாயி நாச்சிமுத்துவுக்கு நேரே நின்று, அவன் கன்னத்தில் பதிந்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த விரல்கள். பிறகு அவன் மோவாயைப் பிடித்து முகத்தை மறுபக்கம் திருப்பினாள்.

"இந்தக் கன்னம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள், கொல்லைக் கதவு வரைக்கும் கேட்கும்படி. "வா சாமி, இதுலயும் வெச்சுடு."

மைனாவதி கையுறைகளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. "ஊதுங்கப்பா, என்ன வேடிக்கை!" என்று அருமைக்காரர் அதட்டினார், நாதஸ்வரக்காரர் ஊதினார். இதற்குள் கீர்த்தனா மணையில் உட்கார்ந்து முகத்தை நீட்டிக்கொண்டு, "அடுத்தது நானு" என்றாள்.

கீர்த்தனாவின் முகத்தில் அன்று வைத்த மஞ்சள் தாலி கட்டிய பிறகும் போகவில்லை, மாப்பிள்ளை வீட்டார் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தாங்களும் வந்து வரிசையில் நின்றார்கள். நாச்சிமுத்துவின் கன்னங்களிலிருந்தும் போகவில்லை. ஆறினால்தான் போகும், ஆறுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. வெளியூரில் டெம்போவை நிறுத்துகிற போலீஸ்காரர்கள் டார்ச் அடித்து, "என்னய்யா இது கன்னத்துல?" என்று கேட்பார்கள். பக்கத்து சீட்டில் மைனாவதி உட்கார்ந்திருப்பாள், அவளுக்கு அந்தப்பக்கம் ஜன்னலோரத்தில், கறை தெரியாத மாம்பழ நிறப் புடவையில் பாவாயி உட்கார்ந்திருப்பாள்.

"சும்மாதாங்க" என்று மூன்று பேரும் சொல்வார்கள்.